கச்சேரிச் சுதந்திரமும் அடுத்தவன் மூச்சும்

சுதந்திரம் என்கின்ற வார்த்தையைப்போல் மலிவாகிப்போன வார்த்தை வேறொன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. தொழிலாளியைக் கசக்கிப் பிழிகின்ற முதலாளியும் அது தன்னுடைய சுதந்திரம் என்கிறான். பதுக்கி வைத்து விலையேற்றுகின்ற வியாபாரியும் அது தன்னுடைய சுதந்திரம் என்கிறான். கொரோனா என்னும் கொள்ளை நோய் 2020-ஆம் வருஷத்தில் உலகமெங்கும் பரவியபோது, சங்கீதக் கச்சேரிக்குப் போகிறவர்களில் ஒரு சாராரும், கச்சேரி செய்கிறவர்களில் ஒரு சாராரும் அதே வார்த்தையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். “நான் கச்சேரிக்குப் போவேன், முகமூடி போடமாட்டேன், ஊசி குத்திக்கொள்ளமாட்டேன், வந்தால் எனக்குத்தானே நோய் வரப்போகிறது? என்னைக் கேட்க நீ யார்?” என்பதுதான் இவர்களுடைய வாதத்தின் சாரம்.

நோய் ஓய்ந்த பிறகு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவசர நிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ந் தேதி அறிவித்தது உண்மைதான். ஆனால் வீடு தீப்பற்றி எரியும்போது கிணறு வெட்ட உட்காருவது அறிவாளிகள் செய்கிற காரியமல்ல. கொள்ளை நோய் உலகத்திற்குப் புதிதல்ல. இதுவே கடைசியும் அல்ல. அடுத்தது வரும்போது இதே வாதம் மறுபடியும் கிளம்பும். ஆகையால் ஆத்திரமும் பயமும் அடங்கியிருக்கின்ற இந்தக் காலத்திலேயே இதை அலசிப் பார்த்துவிடுவது நல்லதென்று கருதுகின்றோம்.

முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்லுவோம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்தில் மவுண்ட் வெர்னன் என்று ஒரு சிறு பட்டணம் இருக்கிறது. அங்கே ஸ்காஜிட் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒரு பாடற்குழுவார் 2020 மார்ச்சு 10-ந் தேதி மாலை ஒரு மண்டபத்தில் கூடினார்கள். வந்தவர்கள் 61 பேர். சுமார் இரண்டரை மணி நேரம் பாடிப் பழகிவிட்டு வீடு திரும்பினார்கள். அவர்கள் குடித்துக் கூத்தடிக்கிறவர்களல்ல. யாரையும் அலட்சியம் செய்கிறவர்களுமல்ல. பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள். நோயைப்பற்றிக் கேள்விப்பட்டு, கை குலுக்குவதையும் கட்டித் தழுவுவதையும் கூடத் தவிர்த்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு மட்டும் சளி பிடித்ததுபோன்ற குறி இருந்தது. பிறகு நடந்ததென்ன? பரீட்சையில் நோய் உறுதியானவர்கள் 33 பேர். குறிகளைக் கொண்டு நோயென்று கணிக்கப்பட்டவர்கள் 20 பேர். ஆக 61 பேரில் 53 பேர். மூவர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இருவர் இறந்துபோனார்கள்.

இதில் குற்றவாளி யார்? ஒருவருமில்லை. அந்த மனிதருக்குத் தம்மிடமிருப்பது என்ன நோய் என்பது தெரியாது. மற்றவர்களுக்கும் தெரியாது. ஆனால் காரணம் இருக்கிறது. பாடுகிறவன் வாயிலிருந்து, பேசுகிறவன் வாயிலிருந்து வருவதைவிட அதிகமாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளிகள் வெளிவருகின்றன. அவை கீழே விழாமல் புகையைப்போல் காற்றில் மிதக்கின்றன. மூடிய மண்டபத்தின் ஒரு மூலையில் ஒருவன் சுருட்டுப் பிடித்தால் மறு மூலையில் இருப்பவன் இருமுவதை நாம் பார்த்திருக்கின்றோம். சுருட்டுப் புகை கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கச்சேரி மண்டபம் என்பது என்ன? பலர் நெருங்கி உட்கார்ந்து, மணிக்கணக்கில் ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டு, கூடவே பாடவும் கூவவும் செய்கின்ற இடம். ஆகவே கச்சேரிக்கென்று தனியாக ஒரு விதி ஏற்பட்டதென்றால், அது சங்கீதத்தின்மேல் உள்ள வெறுப்பினால் அல்ல, காற்றினுடைய தன்மையினாலேயே ஆகும்.

இனி, “வந்தால் எனக்குத்தானே வரப்போகிறது” என்ற வாதத்தை எடுத்துக்கொள்ளுவோம். இது உண்மையாக இருக்குமானால் நாம் இவர்கள் பக்கமே நிற்போம். ஒரு மனிதன் மலையுச்சியில் ஏறி விழுந்து சாகலாம். கண்டதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளலாம். அவனுக்குப் புத்தி சொல்லலாமே தவிர, அவனைக் கட்டிப் போட ஒருவருக்கும் அதிகாரமில்லை. ஆங்கில நாட்டு அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் சுதந்திரத்தைப்பற்றி எழுதிய நூலின் கருத்தும் இதுதான். ஒருவனுடைய சொந்த நன்மைக்காக என்று சொல்லி அவனைக் கட்டாயப்படுத்தக்கூடாது. பிறருக்குத் தீங்கு வராமல் தடுப்பதற்காக மட்டுமே கட்டாயம் செய்யலாம் என்றார் அவர். இது நமக்கு முழுதும் சம்மதமே. ஆனால் தொத்து நோய் என்பது தனக்கு மட்டும் வருகின்ற நோயா என்பதுதான் கேள்வி.

டிக்கெட்டு வாங்கி உள்ளே போகின்ற ரசிகன், “ஆபத்து உண்டு, தெரிந்தே வருகிறேன்” என்று ஒப்புக்கொண்டு போகிறான் என்றே வைத்துக்கொள்ளுவோம். வாயிலில் நின்று டிக்கெட்டைக் கிழிக்கிறானே, அவன் ஒப்புக்கொண்டானா? கச்சேரி முடிந்த பிறகு குப்பை கூட்டுகின்ற அம்மாள் ஒப்புக்கொண்டாளா? ஒலிபெருக்கிக்கு மின்சாரக் கம்பி இழுக்கிறவன் ஒப்புக்கொண்டானா? ரசிகன் வீடு திரும்புகின்ற பஸ்ஸின் கண்டக்டர் ஒப்புக்கொண்டாரா? வீட்டில் இருமிக்கொண்டு படுத்திருக்கின்ற அவனுடைய பாட்டி ஒப்புக்கொண்டாளா? இவர்களில் யாரும் பாட்டுக் கேட்கவில்லை. கேட்காத பாட்டுக்கு விலை கொடுக்கிறவர்கள் இவர்கள்தான். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது என்பதற்காக அங்கே நிற்கிறவர்களை, தாங்களாகவே ஆபத்தை ஏற்றுக்கொண்டவர்கள் என்று சொல்லுவது எவ்வளவு பெரிய அக்கிரமம்! தன் உயிரைப் பந்தயம் வைப்பது சுதந்திரமாக இருக்கலாம். அடுத்தவன் உயிரை அவனைக் கேளாமல் பந்தயம் வைப்பதற்குச் சுதந்திரம் என்று பெயரில்லை. அதற்கு எஜமானத்தனம் என்றுதான் பெயர்.

நிற்க, இரண்டாவது வாதம் ஒன்று உண்டு. அதைச் சொன்னவர் சாதாரண ஆள் அல்ல. உலகப் பிரசித்தி பெற்ற கிட்டார் வித்வான் எரிக் கிளாப்டன். 2021 ஜூலையில் பிரிட்டிஷ் பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன், இரவு விடுதிகளுக்குள்ளும் பெருங்கூட்டம் சேருகின்ற இடங்களுக்குள்ளும் நுழைய ஊசி குத்திக்கொண்ட அத்தாட்சி வேண்டும் என்ற திட்டத்தைப் பிரஸ்தாபித்தவுடன், சபையோருக்குள் பேதம் காட்டுகின்ற எந்த மேடையிலும் தாம் வாசிக்கப் போவதில்லை என்று கிளாப்டன் அறிவித்தார். தாம் ஊசி போட்டுக்கொண்டபோது கடுமையான உபாதை உண்டானதாக அவர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். அவருடைய உபாதையை நாம் கேலி செய்யப்போவதில்லை. வாசிப்பதும் வாசிக்காதிருப்பதும் அவருடைய இஷ்டம். ஆனால் “பேதம்” என்று அவர் சொன்ன காரணத்தைப்பற்றி மட்டும் நமக்குச் சொல்லவேண்டியது உண்டு.

ஏனென்றால் பேதம் என்பது இன்னதென்று நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒரு காலத்தில் நம் நாட்டு ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச்சாலைகளில் பார்ப்பனருக்கு ஓரிடமும் மற்றவருக்கு வேறிடமும் இருந்தது. அங்கே உள்ளே போக வேண்டுமானால் ஒருவன் என்ன செய்ய வேண்டும்? வேறு தாய் வயிற்றில் பிறந்திருக்க வேண்டும்! படித்தாலும் முடியாது, குளித்தாலும் முடியாது, பணம் கொடுத்தாலும் முடியாது. அதுதான் பேதம். கச்சேரி வாயிலில் கேட்டதென்ன? எந்தச் சாதி, எந்த மதம், எந்த நிறம் என்று யாரும் கேட்கவில்லை. இங்கிலாந்தில் காசில்லாமல் போடப்பட்ட ஊசியைப் போட்டுக்கொண்டாயா என்று கேட்டார்கள். அந்த விதி 2021 டிசம்பர் 15-ல் அமுலுக்கு வந்தபோது, ஊசி இல்லாவிட்டாலும் நோயில்லை என்று பரீட்சை செய்துகொண்டு வந்தால் போதும் என்றே இருந்தது. இன்றைக்கு முடியாதவன் நாளைக்குச் செய்துகொள்ளக்கூடிய நிபந்தனைக்கும், செத்துப் பிறந்தாலொழிய மாறாத பிறவி இழிவுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பேதம் என்கின்ற வார்த்தையைத் தொடாமலிருப்பதே அந்த வார்த்தைக்கு மரியாதையாகும்.

கிளாப்டனைப்போலவே மற்றொரு பாடகரும் தம் சுதந்திரத்தை உபயோகித்தார். 2021 ஆகஸ்டில் அமெரிக்கப் பாடகர் ஜேசன் இஸ்பெல், தம் கச்சேரிக்கு வருகிறவர்கள் ஊசி அத்தாட்சியோ பரீட்சை அத்தாட்சியோ காட்டவேண்டும் என்றார். டெக்சாஸ் மாகாணத்தில் ஓர் அரங்கத்தார் அதற்கு உடன்படாததால் அங்கே பாடாமல் விட்டுவிட்டார். வரும்படி போனாலும் போகட்டும், தம் பாட்டைக் கேட்க வந்தவன் நோயோடு திரும்பக்கூடாது என்று நினைப்பதற்கும் ஒரு கலைஞனுக்குச் சுதந்திரம் உண்டல்லவா? சுதந்திரம் பேசுகிறவர்கள் இந்தச் சுதந்திரத்தை மட்டும் ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை.

இதுவரையில் சொன்னதைக் கொண்டு, சர்க்கார் என்ன சொன்னாலும் கைகட்டி வாய்பொத்திக் கேட்கவேண்டும் என்பது நம் கட்சி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மூன்றாவது வாதம் ஒன்றிருக்கிறது. அதில் உண்மையும் இருக்கிறது. “பொது நன்மை என்ற பேரால் ஒரு தடவை அதிகாரம் கொடுத்துவிட்டால் அதிகாரிகள் அதைத் திருப்பித் தருவார்களா?” என்பதே அது. இதற்கு அமெரிக்காவிலேயே ஒரு பாடம் உண்டு. மாசச்சூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் பட்டணத்தில் 1902-ல் பெரியம்மை பரவியபோது, ஜேகப்சன் என்ற பாதிரியார் அம்மை குத்திக்கொள்ள மறுத்தார். 5 டாலர் அபராதம் போட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுவரை போயிற்று. 1905-ல் 7 நீதிபதிகள் அபராதம் சரியென்றும் 2 பேர் சரியல்லவென்றும் தீர்ப்புச் சொன்னார்கள். அதே தீர்ப்பில், அவசியத்திற்கு மேற்பட்டு மனம்போனபடி அதிகாரம் செலுத்தினால் கோர்ட்டு தலையிடும் என்றும் சொல்லப்பட்டிருந்தது. இதுவரையில் நியாயமே. ஆனால் 22 வருஷம் கழித்து 1927-ல் அதே கோர்ட்டு என்ன செய்தது? வர்ஜீனியா மாகாணத்தில் ஓர் ஏழைப் பெண்ணைப் புத்தி மட்டானவள் என்று முத்திரை குத்தி, அவள் இனிப் பிள்ளை பெறாதபடி பலவந்தமாக ஆபரேஷன் செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டியது எதை? அம்மை குத்துவதைப்பற்றிய அந்த 1905-ஆம் வருஷத்துத் தீர்ப்பைத்தான்!

ஆகவே பொது நன்மை என்பதும் சுதந்திரம் என்பதைப்போலவே மோசம் செய்யக்கூடிய வார்த்தைதான். இரண்டையும் உரைத்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளக்கூடாது. எதைக்கொண்டு உரைத்துப் பார்ப்பது? மூன்று கேள்விகளைக் கொண்டு என்று சொல்லுவோம்.

முதல் கேள்வி: காரணம் காட்டினாயா? கட்டளையிடுகிறவன் அதற்கு ஆதாரமும் காட்டவேண்டும். ஆதாரம் மாறினால் கட்டளையையும் மாற்றவேண்டும். ஜெர்மனியில் லெய்ப்சிக் நகரத்தில் 2020 ஆகஸ்டு 22-ந் தேதி, டிம் பெண்ட்ஸ்கோ என்ற பாடகரைக்கொண்டு ஒரு பரிசோதனைக் கச்சேரியே நடத்தினார்கள். சுமார் 1,400 பேர் தாங்களாகவே முன்வந்து கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு கருவியைத் தொங்கவிட்டு, யார் யாரை எவ்வளவு நேரம் நெருங்கினார்கள் என்று அளந்தார்கள். மண்டபத்தில் நல்ல காற்றோட்டம் இருக்கிறதா என்பதே பெரிய விஷயம் என்று கண்டார்கள். ஸ்பெயினில் பார்சிலோனா நகரத்தில் 2021 மார்ச்சு 27-ந் தேதி 5,000 பேர் கொண்ட கச்சேரி ஒன்று நடந்தது. அன்றைக்கே எல்லோருக்கும் பரீட்சை, எல்லோருக்கும் நல்ல முகமூடி, உள்ளே காற்றோட்டம். பின்னால் விசாரிக்க ஒப்புக்கொண்ட 4,592 பேரில், 14 நாளில் நோய் கண்டவர்கள் 6 பேர்தான். அவர்களிலும் 4 பேருக்கு நோய் வந்தது அந்தக் கச்சேரியினால் அல்ல என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

இதற்கு நேர் எதிரிடையாக, ஹாலந்து தேசத்தில் உட்ரெக்ட் நகரத்தில் 2021 ஜூலை முதல் வாரத்தில் நடந்த வெர்க்நிப்ட் என்னும் இசைவிழாவைப் பாருங்கள். சுமார் 20,000 பேர் கூடினார்கள். நடந்ததோ திறந்தவெளியில். வாயிலில் அத்தாட்சியும் கேட்டார்கள். என்றாலும் 1,000 பேருக்கு மேல் நோய் கண்டது. எப்படியெனில், பரீட்சை 40 மணி நேரத்திற்கு முன் செய்ததாயிருந்தாலும் செல்லும் என்றிருந்தது. அந்த 40 மணி நேரத்திற்குள் நோய் பிடித்துக்கொண்டவனை அந்தக் காகிதம் எப்படிக் காட்டும்? போதாக்குறைக்கு, ஒரே தடவை குத்துகின்ற ஒரு ஊசியைக் காலையில் குத்திக்கொண்டால் மாலையிலேயே ஆடப்போகலாம் என்றும் சர்க்கார் சில நாட்களுக்கு முன் இடங்கொடுத்திருந்தது. ஊசி மருந்து உடம்பில் வேலை செய்ய நாள் பிடிக்கும் என்பதை மறந்துவிட்டார்கள். கட்டுகளை அவசரமாகத் தளர்த்தியது தவறு என்று அந்நாட்டுப் பிரதம மந்திரி ரூட்டே அம்மாதத்திலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பார்சிலோனாவில் அத்தாட்சி உண்மையைக் காட்டிற்று. உட்ரெக்டில் அத்தாட்சி வெறும் தாயத்தாகப் போய்விட்டது. தாயத்தை மந்திரவாதி கொடுத்தால் என்ன, சர்க்கார் கொடுத்தால் என்ன? காரண காரியம் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

பிறகு 2021-ன் முடிவில் ஓமிக்ரான் என்ற புதுவகை வந்தபோது, ஊசி குத்திக்கொண்டவர்களுக்கும் நோய் தொத்துவதும், அவர்களிடமிருந்து பிறருக்குப் பரவுவதும் அதிகமாயிற்று. ஊசி உயிரைக் காப்பாற்றுவதில் பெரிதும் உதவியது. பரவாமல் தடுப்பதில் அதன் வலிமை குறைந்துவிட்டது. ஆகவே வாயிலில் அத்தாட்சி கேட்பதற்கு இருந்த காரணமும் குறைந்துவிட்டது. இங்கிலாந்தில் 2022 ஜனவரியிலும், நியூயார்க்கு நகரத்தில் 2022 மார்ச்சிலும் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். “நேற்று ஒன்று சொன்னாய், இன்று ஒன்று சொல்லுகிறாய்” என்று சிலர் இதைப் பரிகசித்தார்கள். நாமோ அதையே பெருமையாகச் சொல்லுவோம். புது உண்மை தெரிந்த பிறகும் பழைய உத்தரவையே பிடித்துக்கொண்டிருப்பது சாஸ்திரக்காரன் வேலை. தெரிந்தவுடன் மாற்றிக்கொள்வதுதான் பகுத்தறிவு.

இரண்டாவது கேள்வி: விதி எல்லோருக்கும் ஒன்றுதானா? இங்கிலாந்தில் பாட்டு மண்டபங்கள் பூட்டிக் கிடந்த காலத்தில், செத்தவரை அடக்கம் செய்வதற்குக்கூட இத்தனை பேர்தான் வரலாம் என்றிருந்த காலத்தில், பிரதம மந்திரியின் மாளிகையிலும் அதைச் சேர்ந்த சர்க்கார் காரியாலயங்களிலும் விருந்துக் கூட்டங்கள் நடந்தன. பிறகு போலீசார் விசாரித்து 126 அபராதங்கள் விதித்தார்கள். பிரதம மந்திரி ஜான்சனே 2022 ஏப்ரலில் அபராதம் கட்டினார். விதி செய்தவனே விதியை மிதித்தான் என்றால், ஊசியும் முகமூடியும் பொய் என்று ஆகிவிடுமா? ஆகிவிடாது. வைத்தியன் கள் குடித்தால் மருந்து விஷமாகிவிடாது. ஆனால் ஜனங்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்கள். நம்பிக்கை போன இடத்தில் எந்த விதியும் நிற்காது. மேலே இருப்பவனுக்கு ஒரு நியாயம், கீழே இருப்பவனுக்கு ஒரு நியாயம் என்பதைக் காட்டிலும் கொடிய தொத்து நோய் வேறில்லை.

மூன்றாவது கேள்வி: தொழிலைத் தடுத்தவன் சோறு போட்டானா? பிரிட்டிஷ் சர்க்கார் 2020 ஜூலையில் கலை ஸ்தாபனங்களுக்காக 157 கோடி பவுன் ஒதுக்குவதாக அறிவித்தது. அமெரிக்காவில் 2020 டிசம்பரில் மூடிக் கிடந்த அரங்கங்களுக்காக 1,500 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம். கொடுக்கவேண்டியது கடமை என்பதையாவது ஒப்புக்கொண்டார்கள்.

நம் நாட்டைப் பாருங்கள். 2020 மார்ச்சு 25-ந் தேதி ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்கள்தான் நாதசுரக்காரருக்கும், தவில்காரருக்கும், பறையடிப்பவருக்கும், கரகாட்டக்காரருக்கும், கூத்தாடுகிறவருக்கும் வரும்படி வருகின்ற காலம். அந்த மூன்று மாதச் சம்பாத்தியத்தைக்கொண்டுதான் மீதி மாதங்களைத் தள்ளுவார்கள். அது அடியோடு போயிற்று. அதே வருஷம் மார்கழியில் சென்னைச் சபாக்களின் கச்சேரிகள் பலவும் கம்பியில்லாத் தந்தியின் பேரப்பிள்ளையாகிய இணையத்தின் வழியாக வீடு தேடி வந்தன. காமிராவும், நல்ல அறையும், காசு கொடுத்துக் கேட்கின்ற ரசிகனும் உள்ளவருக்கு அது முடிந்தது. கிராமத்துக் கூத்துக்காரன் எந்தக் காமிராவின் முன் விடியவிடிய ஆடுவான்? அவனும் கலைஞன்தான், அவன் வீட்டிலும் அடுப்பு உண்டு. ஊர் உயிரோடிருக்க வேண்டும் என்பதற்காக அவனுடைய தொழிலை நிறுத்தினோம், சரிதான். அப்படியானால் ஊரின் நன்மைக்காக அவன் இழந்த கூலியை ஊர் கொடுக்கவேண்டாமா? நன்மை எல்லோருக்கும், நஷ்டம் அவன் ஒருவனுக்கு என்றால், அதைப் பொது நன்மை என்று எப்படிச் சொல்லுவது?

தோழர்களே! நாம் சொல்லவந்தது இவ்வளவுதான். மனிதன் தனியாக வாழுகிறவன் அல்ல. பக்கத்திலிருப்பவன் விட்ட மூச்சை நாமும், நாம் விட்ட மூச்சை அவனும் வாங்கிக்கொண்டுதான் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்திருக்கின்றோம். அதனால் அவனுக்கு என்னிடத்திலே ஒரு உரிமையும் எனக்கு அவனிடத்திலே ஒரு கடமையும் உண்டாகின்றன. கச்சேரி வேண்டாம் என்பது நம் அபிப்பிராயமல்ல. நோய்க் காலத்தில் மனிதனுக்குச் சோற்றுக்கு அடுத்தபடியாகப் பாட்டும் சிரிப்பும் வேண்டியிருக்கின்றன. ஆனால் அதன் விலையை வாயிலில் நிற்கின்ற ஏழையின் தலையில் கட்டக்கூடாது. மேடையை இழந்த கூத்துக்காரன் தலையிலும் கட்டக்கூடாது.

அடுத்த கொள்ளை நோய் வரும்போது “என் சுதந்திரம்” என்று ஒருவன் வந்து நின்றால், “இதில் ஆபத்து யாருக்கு? அவரைக் கேட்டாயா?” என்று அவனைக் கேளுங்கள். “பொது நன்மை” என்று ஒரு அதிகாரி வந்து நின்றால், “காரணம் என்ன? உனக்கும் இதே விதிதானா? வேலை இழந்தவனுக்கு என்ன வழி?” என்று அவரையும் கேளுங்கள். இரண்டு பேரும் நேராகப் பதில் சொல்லுகின்ற ஊரில் மண்டபத்தின் கதவைத் திறந்து வைத்தாலும் மூடி வைத்தாலும் அது நியாயமாகவே இருக்கும் என்பது நமது முடிவு.